99 பவுண் போச்சு: வேப் வாங்கப் போகிறவர்கள் ஒருக்கா வாசியுங்கள்

இன்று பின்னேரம் நடந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடப்போவதில்லை, பிறகு அதற்கு வேறு வில்லங்கம் வரும். கிழக்கு லண்டனில் போன் கவர், சார்ஜர், சிம் கார்ட், வேப் (மின்சிகரெட்) எல்லாவற்றையும் ஒரே கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கி விற்கிற கடைகளில் ஒன்று. அவ்வளவு போதும்.

14 வருடம் சிகரெட் குடித்தவன் நான். அதை விட்டு, பாவித்து எறிகிற வேப்புக்கு மாறினேன். 2025 ஜூன் 1 முதல் இங்கே அதை விற்கத் தடை. வீட்டில் பதுக்கி வைத்திருந்த கடைசி ஒன்றும் முடிந்ததும், திரும்பவும் சிகரெட்டைத் தொட்டுவிடுவேனோ என்ற பயத்தில்தான் நாலு கிழமைக்குக் கிட்ட முன்னம் அந்தக் கடைக்குப் போனேன். (புகைப் பழக்கமே இல்லாதவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். இந்தப் பதிவு உங்களுக்கானது இல்லை.)

கவுண்டரில் நின்றது நம்ம பெடியன். என் இங்கிலீஷைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். ஊர் கேட்டான். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டான். நான் எல்லாவற்றையும் விளக்கமாகவே சொன்னேன்: மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ளதைப் பாவித்தவன், சின்னதாக ஒன்று போதும், சிகரெட்டுக்குத் திரும்பக் கூடாது. பெடியன் தலையாட்டிக்கொண்டே ஒரு பெட்டியை எடுத்தான். "அண்ணை, நம்ம ஆளுக்குத் தேவையில்லாத சாமானைத் தலையில கட்டுவனோ?" என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். வெள்ளைக்காரன் கடையென்றால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

கருவி 34, ஐந்து காயில் (திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்குகிற கம்பியும் பஞ்சும்) உள்ள பெட்டி 13, மாம்பழ வாசத் திரவம் இரண்டு பெரிய போத்தல் 28. மொத்தம் 75. கார்ட் மெஷின் வேலை செய்யவில்லையாம். காசாகத் தந்தால் இரண்டு பவுண் குறைக்கிறேன் என்றான். 73 பவுணை எண்ணிக் கொடுத்தேன். றிசீட் என்று ஒரு துண்டில் கையால் எழுதித் தந்தான். போகும்போது கருவியை வாங்கி, பொத்தானை அமத்தி அமத்தி 25 வாட்டுக்கு ஏற்றிவிட்டு, "இப்ப நல்ல புகை வரும் அண்ணை" என்றான்.

இரண்டாம் நாள் இரவு வேலை இடைவேளையில் இழுத்தேன். தொண்டையில் கரிந்த பஞ்சு. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காயிலை மாற்றினேன். அதுவும் இரண்டு நாள். ஒழுங்காகப் பாவித்தால் ஒரு காயில் ஒன்றிரண்டு கிழமைக்கு ஓடும். எனக்கு 26 நாளில் 13 காயில் போயிருக்கிறது.

எட்டாம் நாள் கடைக்குப் போனேன். "நீங்கள் சிகரெட் மாதிரி இழுக்கிறியள், ஆறுதலா இழுங்கோ. இந்தக் காயிலை விட்டிட்டு மெஷ், கம்பி வலை உள்ள காயில், எடுத்துப் பாருங்கோ." இன்னொரு 13 பவுண். பதினாறாம் நாள் போனேன். "அந்த பாட்ச் சரியில்லைப் போல." திரும்பவும் 13 பவுண். கேட்கிறவன் மடையன் என்றால் விற்கிறவனுக்கு என்ன குறை? 73ம் 26ம் 99. 99 பவுண் என்பது கிடங்கில் என்னுடைய ஒரு முழு இரவு வேலை.

போன கிழமைதான் கூட வேலை செய்கிற ஒருவர் என் போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 70/30 என்று போட்டிருந்தது. வெஜிடபிள் கிளிசரின் 70 பங்கு, தண்ணியான புரோப்பிலீன் கிளைக்கோல் 30 பங்கு. தேன் மாதிரித் தடிப்பு. பெரிய டாங்கும் பெரிய காயிலும் உள்ள கருவிக்கானது அது. என்னுடையதில் இருப்பது 0.8 ஓம் காயில், சின்னச் சின்னத் துளை. தடித்த திரவம் அதற்குள்ளால் பஞ்சுக்கு ஊறி வருவதற்குள் கம்பி சூடாகி வெறும் பஞ்சைக் கருக்கிவிடும். ஒருதரம் கருகிய பஞ்சு பிறகு எதைச் செய்தாலும் சரிவராது. இதற்கு 50/50 திரவம்தான் வேண்டும்.

அதோடு முடியவில்லை. காயிலின் பக்கத்தில் பொடி எழுத்தில் 12–16 வாட் என்று இருந்தது. பெடியன் ஏற்றிவிட்டது 25. அப்புறம் அந்த 50 மில்லித் திரவத்தோடு கலக்கத் தந்த, மில்லிக்கு 18 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள குப்பி 10 மில்லி. கணக்குப் பார்த்தால் மில்லிக்கு 3 மில்லிகிராம்தான் வருகிறது. 20இல் இருந்தவனுக்கு 3 எந்த மூலைக்கு? ஆசை அடங்காமல் விடாமல் இழுத்தேன். விடாமல் இழுத்தால் பஞ்சு ஊற நேரமில்லை. அதுவும் கருகத்தான் செய்யும்.

நேற்று மேசையில் கடதாசி விரித்து, பழைய காயில் ஒன்றைக் குறட்டால் பிளந்து பார்த்தேன். பஞ்சின் நடுவில் கறுப்பு, ஓரத்தில் தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறம். கம்பி வலையில் பால் அடிப்பிடித்த சட்டி போலப் பாணி இறுகிக் கிடந்தது. அந்த இனிப்பு, மாம்பழத் திரவத்தில் போடுகிற சுக்கிரலோஸ் என்ற செயற்கை இனிப்பு. இனிப்புக் கூடினால் காயிலின் ஆயுள் குறையும் என்று விற்கிறவனுக்குத் தெரியாதா? நான் சுவாசித்தது இதைத்தான் என்று நினைத்தபோது வயிற்றைப் பிரட்டியது.

இன்று போனபோது முதலாளி இருந்தார். பிளந்த காயிலைக் காட்டினேன். தொட்டும் பார்க்கவில்லை. "காயில் தேய்ஞ்சு போற சாமான், வாரன்டி இல்லை. கருவியில குறையெண்டால் செய்த கம்பனிக்கு ஈமெயில் போடுங்கோ." விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று சுவரில் ஒட்டியிருந்ததை விரலால் காட்டினார். என்னை அண்ணை என்று கூப்பிட்ட பெடியன் போனைப் பார்த்தபடி நின்றான், ஒருதரம்கூட நிமிரவில்லை. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொறுப்பு விற்றவருக்குத்தான், என்ன தேவைக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன், அதற்குப் பொருந்தாத சாமானை 30 நாளுக்குள் திருப்பலாம், இன்று 26ஆம் நாள் என்றேன். "அப்ப கோட்டுக்குப் போங்கோ" என்றார். பின்னால் நின்ற ஆளிடம் "நெக்ஸ்ட்" என்றார்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விபரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வேலைக்கு நேரமாகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். காசாகக் கொடுக்காதீர்கள், கார்டில் கொடுத்திருந்தால் வங்கி மூலம் திருப்பிக் கேட்டாவது பார்த்திருக்கலாம். சின்னக் கருவிக்கு 70/30 வாங்காதீர்கள். புதுக் காயில் போட்டால் பஞ்சில் சில துளி விட்டு, நிரப்பி, பத்து நிமிடம் பொறுங்கள். காயிலில் எழுதியிருக்கிற வாட்டில் குறைந்ததில் தொடங்குங்கள். கரிந்த ருசி வந்தால் உடனே நிறுத்துங்கள், "பழகினால் சரியாகும்" என்று எவன் சொன்னாலும் கேட்காதீர்கள். முக்கியமாக, கடைக்குப் போக முன் உங்கள் கவுன்சிலின் புகை நிறுத்தும் சேவையைக் கேளுங்கள். சில இடங்களில் தொடக்கக் கருவியை இலவசமாகவே கொடுக்கிறார்கள். எனக்கு அது 99 பவுண் போன பிறகுதான் தெரிந்தது.

நாளைக் காலை சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கு (இலவசமாக ஆலோசனை சொல்கிற அமைப்பு) போன் எடுக்கப் போகிறேன். அந்தத் துண்டு றிசீட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், பேனா எழுத்து இப்போதே மங்குகிறது. மிச்சம் இரண்டு காயில் இருக்கிறது. விலைக்குக் கேட்டு யாரும் மெசேஜ் போடாதீர்கள், அதை நானே வைத்திருக்க வேண்டும்.