சென்சார் ஒட்டி இரண்டு வருடம்: திரும்பி வந்த கை நடுக்கம்

இன்சுலின் போட ஆரம்பித்து 16 வருடம் ஆகிறது. முன்பெல்லாம் சுகர் இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பசி வயிற்றைக் கிள்ளும். போகப் போக அதெல்லாம் நின்றுவிட்டது. குளுக்கோமீட்டர் 52 காட்டும்போதும் சாதாரணமாக உட்கார்ந்திருப்பேன். உடம்பு பழகிவிட்டது, நல்லதுதான் என்று நினைத்தேன். பயந்தது என் மனைவிதான். "என்னங்க, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கிறீங்க" என்று அவள் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்த நாட்கள் எனக்கு நினைவிலேயே இல்லை.

அடிக்கடி சுகர் ரொம்ப இறங்கி ‘லோ’ ஆனால், அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து நம்மை எச்சரிப்பது மங்கிக்கொண்டே போகும் என்று டாக்டர் விளக்கினார். படபடப்பு வராமலே நேராகக் குழப்பம், மயக்கம், வலிப்பு வரை போய்விடலாம். கடுமையான லோ பலமுறை வந்த முதியவர்களிடம் மறதி நோயும் இதயப் பிரச்சினையும் கூடுதலாகக் காணப்படுகின்றன. லோ மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாதுதான், ஆனாலும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதுவரை என் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சுகரின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) 6.2 என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது வெறும் சராசரி. பள்ளங்களை அது காட்டாது.

மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, சுகரை இரவும் பகலும் அளந்து திரையில் கோடாகக் காட்டும் 14 நாள் சென்சார் வாங்கினேன். முதல் வாரமே விடிகாலை 2 மணி முதல் 4 மணி வரை கோடு 60-க்குக் கீழே கிடந்தது. டாக்டர் இரவு ஊசியின் அளவைக் குறைத்தார். சில வாரம் 70-க்குக் கீழே இறங்கவே கூடாது, அப்படி இருந்தால் லோவை உணர்த்தும் அறிகுறிகள் திரும்ப வாய்ப்பு உண்டு என்றார். அலாரத்தை 80-இல் வைத்தேன். ஒன்றரை மாதம் கழித்து, காய்கறிக் கடையில் நிற்கும்போது கை நடுங்கியது. குத்திப் பார்த்தால் 66. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

குறைகளும் உண்டு. சென்சார் இருக்கும் பக்கம் அழுத்திப் படுத்தால் இல்லாத லோவைக் காட்டும். சுகர் வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கும். சர்க்கரை சாப்பிட்ட பிறகும் திரை லோ என்றே காட்ட, ஆரம்பத்தில் மேலும் மேலும் சாப்பிட்டு 250-க்கு ஏற்றிக்கொண்டேன். இப்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் பொறுமை, அப்புறம் விரலில் குத்திப் பார்ப்பது. மாதம் இரண்டு சென்சார் வாங்குவது பாரம்தான். சித்திரை வெயிலில் வியர்த்து உரிந்தும் போகும், மேலே பிளாஸ்திரி போடுகிறேன்.

இப்போது ஹெச்பிஏ1சி 7.1. என் வயதுக்கு இது போதும் என்கிறார் டாக்டர். இரவில் எழுந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை மனைவி நிறுத்திவிட்டாள்.