டிரான்சிஸ்டர் சுருங்கவில்லை, வேகம் கூடியது: ரைசன் 7 5800எக்ஸ்3டி

டிரான்சிஸ்டரைச் சிறிதாக்காமல் சிப்பை வேகமாக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு 2022-ல் வந்த ஏஎம்டியின் இந்த ப்ராசஸர்தான் பதில். இதற்கு முன் வந்த 5800எக்ஸில் இருந்த அதே 7 நானோமீட்டர் தயாரிப்பு முறை, அதே 8 கோர். ஆனால் 32 எம்பி எல்3 கேஷின் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) தலைமேலேயே இன்னொரு 64 எம்பி கேஷ் துண்டை, சாலிடர் உருண்டை எதுவும் இல்லாமல் செம்போடு செம்பை நேராக ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் தகவலுக்காக ராம் வரைக்கும் ஓடிப்போகிற வேலை நன்றாகவே குறைகிறது. கேம்களில், அதுவும் சிமுலேஷன் வகைகளில், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வீடியோ ரெண்டரிங்கா? ஏமாற்றம்தான், பழைய 5800எக்ஸே கொஞ்சம் முந்துகிறது. மேலே அடுக்கினால் சூடு வெளியேறுவது கஷ்டம், உச்ச வேகத்தையும் 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்துவிட்டார்கள் (வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளும் ஓவர்கிளாக் ஆசையை மறந்துவிடுங்கள்). நல்ல கூலர் கட்டாயம். இந்த ப்ராசஸர் பொருந்தும் ஏஎம்4 வகை மதர்போர்டு ஏற்கனவே இருந்து, இது நியாயமான விலையில் கிடைத்தால், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு யோசிக்காமல் போடலாம்; கேம் பக்கமே போகாதவர்களுக்குத் தேவையில்லை.