1.67 லென்ஸ், சில வருஷப் பாவனைக்குப் பிறகு: மெல்லிசு சரி, அந்த நிற ஓரம்?

"அண்ணா, நீங்க அந்த 1.67 தானே போடுறீங்க, மகளுக்கும் அதையே போடலாமா?" என்று தங்கச்சி கேட்டாள். பிள்ளைக்குப் பவர் மைனஸ் 6. கடையில் 1.67, 1.74 என்று இரண்டு வகை மெல்லிசான மூக்குக்கண்ணாடி லென்ஸுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் ஏறக்குறைய அதே பவர்தான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை இங்கே எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற வேறு யாருக்கும் உதவட்டும்.

என்னைப் பாடாய்ப் படுத்துவது நிற ஓரம். லென்ஸின் நடுவால் பார்க்கும்வரை ஒரு குறையும் இல்லை. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பக்கத்துக்கு ஓட்டினால், வெளிச்சமான எந்தப் பொருளுக்கும் உள்பக்கம் ஒரு நீலக் கீற்றும் வெளிப்பக்கம் ஒரு செம்மஞ்சள் கீற்றும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் திருகோணமலை டச்சுக் குடாவில் நின்று, தலையைக் குனிந்து லென்ஸின் மேல் ஓரத்தால் தொடுவானத்தைப் பார்த்தால் கடல் விளிம்பில் நீலக் கோடு. தலையை நிமிர்த்திக் கீழ் ஓரத்தால் பார்த்தால் அதே இடத்தில் செம்மஞ்சள். இரவில் உட்துறைமுகப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வரும்போது வெள்ளை எல்ஈடி விளக்குகள் நீலம் தனியாக, மஞ்சள் தனியாகப் பிரிந்து நிற்கும். கடையில் சொன்னேன், பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

காரணம் லென்ஸ் செய்த பொருளிலேயே இருக்கிறது. 1.67 என்பது முறிவுச் சுட்டி, பொருளுக்குள் ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்று சொல்லும் எண். காற்றில் செக்கனுக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீற்றர் போகும் ஒளி, இந்தப் பிளாஸ்டிக்குக்குள் 1.8 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது, பழைய சாதாரண 1.5 பிளாஸ்டிக்கில் 2 லட்சம். வேகம் கூடுதலாகக் குறைந்தால் சரிந்து விழும் கதிர் கூடுதலாக வளையும், அதனால் லென்ஸை அவ்வளவு குழிவாகக் கடையாமலே வேண்டிய பவர் கிடைத்துவிடும், ஓரமும் மெல்லிசாகும். ஆனால் எல்லா நிறமும் ஒரே அளவில் வளைவதில்லை, நீலம் சிவப்பைவிடக் கூட வளையும். இந்த வித்தியாசத்தைச் சொல்வதுதான் ஆபே எண், ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஆபே பெயரில் வந்தது. எண் குறையக் குறைய நிறம் கூடுதலாகப் பிரியும். 1.5 பிளாஸ்டிக்குக்கு 58. 1.67க்கு 32தான். மைனஸ் லென்ஸின் ஓரம் ஒரு அரியம் (பிரிசம்) மாதிரித்தான் வேலை செய்கிறது: நடுவிலிருந்து 1 சென்ரிமீற்றர் தள்ளிப் பார்த்தால் மைனஸ் 6க்கு 6 அரிய டயொப்டர் (அரியம் ஒளியைத் திருப்பும் அளவு), அதை ஆபே எண்ணால் வகுத்தால் நிறம் பிரியும் அளவு வரும். 1.5இல் 0.10, 1.67இல் 0.19. கண்ணுக்குத் தட்டுப்படத் தொடங்குவதே 0.1 அளவில்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள், அப்படியென்றால் எனக்கு எப்படித் தெரியாமல் போகும்?

போன மாதம் ஒளி தெறிக்காமல் இருக்க லென்ஸின் மேல் பூசும் கோட்டிங் வெடித்து லென்ஸ் முழுக்க மெல்லிய கோடுகள். இந்த ஊர் வெயிலில் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்கு மேலே உள்ள கோட்டிங் விரியாது. 1.67இல் கோட்டிங் இல்லாமலும் முடியாது, ஒவ்வொரு மேற்பரப்பிலும் 6 சதவீதத்துக்கு மேல் ஒளி திரும்பித் தெறிக்கும், 1.5இல் அது 4தான். புது லென்ஸ் வரும்வரை அலுமாரியில் கிடந்த பழைய தடித்த 1.5 கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரிந்தேன், பவரில் 0.25தான் வித்தியாசம். அந்தக் கண்ணாடியோடு கோணேசர் கோயிலுக்குப் போனேன். கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மேயும் மான்களைக் கடைக்கண்ணால் பார்த்தாலும் மான் நிறத்திலேயே இருந்தது. மேலே ஏறிக் கடலைப் பார்த்தால் தொடுவானம் ஒரே கோடு. இவ்வளவு காலமும் கூடக் காசு கொடுத்து இதை இழந்திருக்கிறேனே என்று உண்மையாகவே கோபம் வந்தது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பழையது மூக்கை அழுத்தியது, வியர்வையில் வழுகி வழுகி இறங்கியது, ஓரம் பிரேமுக்கு வெளியே தடித்து நின்றது. 1.67இன் ஓரம் அதில் முக்கால்வாசிதான். நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் பாரம் தெரியாது, மூக்கில் தழும்பு விழாது. புறஊதாக் கதிரை லென்ஸே தடுத்துவிடும், எங்கள் கடற்கரை வெயிலுக்கு அது பெரிய விஷயம். வாசிப்புக்கும் கணினி வேலைக்கும் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இருந்தும் அடுத்த முறை 1.67 வாங்க மாட்டேன்.

1.74 பேச்சே வேண்டாம். 1.67ஐவிடப் பத்தில் ஒரு பங்குதான் மெல்லிசு, ஆபே 33, நிற ஓரம் அப்படியே இருக்கும், விலைதான் ஏறும். பிள்ளைக்கு முதலில் சின்னப் பிரேமாகப் பார், தங்கச்சி. ஓரத் தடிப்பு நடுவிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு கூடும், கண்மணி லென்ஸின் நடுவில் வருகிற மாதிரி 50 மில்லிமீற்றர் அகலத்தை விட்டு 44க்கு இறங்கினாலே கால்வாசி குறைந்துவிடும், 1.5ஐ விட்டு 1.67க்குப் போய் மிச்சம்பிடிப்பதும் அவ்வளவுதான். அப்புறம் 1.6 லென்ஸ் கேள், அதில் ஆபே 41 உள்ளது கிடைக்கும், கடையில் இல்லாவிட்டால் எடுப்பித்துத் தரச் சொல். 1.59 என்று ஒன்றை நீட்டினால் வாங்காதே. அது பொலிகாபனேற், கீழே விழுந்தாலும் லேசில் உடையாது, ஆனால் ஆபே 30தான், என்னுடையதைவிட மோசம்.