ஒவ்வாமை உள்ள வண்டிக்குதிரைக்கு மேமியோவில் ஒரு தீவனக் கடை

சந்தைக்குப் பின்னால், வாசலே தெரியாத அளவுக்குச் சாக்கு அடுக்கியிருக்கும் கடை. பலகையில் எழுத்து அழிந்து பல வருடம் ஆகிறது. நேபாளத்து அம்மா ஒருவர் நடத்துகிறார், வண்டிக்காரர்கள் எல்லாரும் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். (மியான்மரில் உள்ள இந்த ஊரின் பெயர் "பியின் ஊ லுவின்" என்று மாறியும் எங்கள் வீட்டில் இன்னும் மேமியோதான்.)

சிட்டு எங்கள் மட்டக்குதிரை, வயது ஒன்பது. நாலு சக்கரப் பெட்டி வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மணிக்கூண்டிலிருந்து கண்டோஜி பூங்காவுக்கு ஒரு நாளில் ஏழெட்டு நடை, டிசம்பரில் அதற்கும் மேல். போன மழைக்காலத்தில் கழுத்திலும் விலாவிலும் காசு காசாகத் தடித்தது. பூச்சிக்கடி என்று வேப்பிலைப் புகை போட்டேன், மஞ்சள் பூசினேன், அதற்குள் வார் உராய்கிற இடத்தில் புண்ணே வந்துவிட்டது. குளிர் வந்து பூச்சி குறைந்த பிறகும் தடிப்பு போகவில்லை என்றதும்தான் மாட்டு டாக்டரிடம் ஓடினேன். குதிரைக்குத் தீவன ஒவ்வாமை அபூர்வம், பூச்சியும் பூஞ்சைத் தூசியும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை, அதுவும் இல்லையென்றால் தின்பதை நிறுத்தி ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி, ரத்தப் பரிசோதனையை இதில் நம்ப முடியாது என்றார்.

அப்போது வேறொரு கடையில் கலப்புத் தீவனம் வாங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் "எல்லாம் நல்ல சரக்குதான் அண்ணே" என்பார்கள். தவிடு, புண்ணாக்கு, உமி, வெல்லப்பாகு, அன்றைக்கு எது மலிவோ அது. இப்படி ஒரு சாக்கை வைத்துக்கொண்டு எதை நிறுத்துவது, எதைக் கொடுப்பது?

தீதி கடையில் கலப்பே கிடையாது. ஒவ்வொன்றும் தனிச் சாக்கு, எந்த ஆலைச் சரக்கு, எப்போது வந்தது என்று கேட்டால் சொல்வார், கையை விட்டு அள்ளி முகர்ந்து பார்த்தாலும் முகம் சுளிக்கமாட்டார்.

ஆறு வாரம் சிட்டுக்கு அறுத்த புல், உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். வெறும் புல்லில் ஏழெட்டு நடை இழுத்தால் எலும்பு தெரிந்துவிடும் என்பதால் மூன்று நடையாகக் குறைத்தேன். அந்த வருமானம் போனது போனதுதான். நாலாவது வாரம் தடிப்பு அடங்கியது. அப்புறம் ஒவ்வொரு சரக்குக்கும் பத்து நாள் என்று கணக்கு வைத்துக் கொடுத்தேன். கொண்டைக்கடலைக்கு ஒன்றும் இல்லை, மக்காச்சோளத்துக்கும் இல்லை, தவிட்டுக்கும் இல்லை. கடலைப் புண்ணாக்கு போட்ட மூன்றாம் நாள் கழுத்தெல்லாம் காசு. புண்ணாக்கில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், அதுவாகக்கூட இருக்கலாம் என்று தீதியே சொல்லி, தடிப்பு அடங்கியதும் வரச் சொன்னார். ஆலையிலிருந்து அன்று காலை வந்த சரக்கில் அரை வீசையை (எங்கள் ஊர் வீசை ஏறக்குறைய 1.6 கிலோ) காசு வாங்காமல் கட்டிக் கொடுத்து "தம்பி, இதையும் பார்த்துவிடு" என்றார். அதற்கும் தடித்தது. சரி, புண்ணாக்கேதான். இனி நான் அவரிடம் புண்ணாக்கு வாங்கப் போவதில்லை என்பது தெரிந்தும் செய்தார், அதற்காகவே இதை எழுதுகிறேன்.

இப்போது காலையும் மாலையும் ஊறவைத்த கொண்டைக்கடலை, கூடவே உடைத்த மக்காச்சோளம் கொஞ்சம். புண்ணாக்கு போன இடத்துக்குச் சூரியகாந்தி எண்ணெய், ஒரு கரண்டியில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் அரை டம்ளர் வரை கூட்டினேன், திடீரென்று ஊற்றினால் வயிறு கெட்டுவிடும். புல் மட்டும் எப்போதும் முன்னால் கிடக்கும். தவிட்டை ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொண்டேன். ஒவ்வாமை இல்லைதான், ஆனால் அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தவிட்டையே நம்பி வளர்க்கிற குதிரைக்கு எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து முகம் உப்பிப்போகும். அப்படி முகம் உப்பிய வண்டிக்குதிரைகளைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அது ஏதோ தனி ஜாதிக் குதிரை என்றே நினைத்திருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. வீசைக்கு 200 கியாட் கூடுதல். கடன் கிடையாது, கெஞ்சினாலும் கிடையாது. மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனால் எப்போது திறப்பார் என்று அவருக்கே தெரியாது. தராசு பழையது, முள் நிற்பதற்குள் நடை ஒன்று போய்விடும். டிசம்பரில் கொண்டைக்கடலை தீர்ந்துபோகும், நவம்பரிலேயே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, சாக்கைத் துவைத்துக் காயவைத்து நீங்களே கொண்டு போங்கள். கடைச் சாக்கில் பழைய புண்ணாக்குத் தூள் ஒட்டியிருக்கும், அந்தக் கொஞ்சத்துக்கே சிட்டுக்கு ஒரு முறை தடித்தது.