நூலகத்தில் சிடி, டிவிடி: பல வருடம் புழங்கியதில் கண்டது

மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. ஸ்கேன் செய்த பழைய மலர்கள், ஆய்வேடுகள் எல்லாம் முதலில் சிடியிலும் பிறகு டிவிடியிலும் ஏறின. அந்த அலமாரி இன்றும் என் பொறுப்பில்தான் இருக்கிறது.

சிடி என்றால் எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். ஆபத்து மேல்பக்கத்தில். அடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் பாலிகார்பனேட் இருப்பதால் சின்னக் கீறலைத் தேய்த்தே சரிசெய்துவிடலாம். தகவல் பதிந்த சாயமும் உலோகப் படலமும் பெயர் எழுதுகிற பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கின்றன. எங்களிடம் முதலில் போனவை ஸ்டிக்கர் ஒட்டிய சிடிகள்தான். வெயிலுக்குப் பசை இளகி, ஓரம் தூக்கி, கூடவே படலமும் உரிந்துவந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அதற்கு வைத்தியம் கிடையாது. டிவிடி தேவலை, 0.6 மி.மீ. தகடுகள் இரண்டுக்கு நடுவே படலம் பத்திரமாக இருக்கிறது.

குளிர்ச்சியாக, 50 சதவீத ஈரப்பதத்துக்குள் வைக்கச் சொல்வார்கள். மே மாதம் 40 டிகிரியைத் தொடும் ஊரில், சாயங்காலம் ஏசியை நிறுத்திவிட்டுப் பூட்டும் கட்டடத்தில் நடக்கிற காரியமா? வெயில் படாத உள் அறை பீரோவில், உறையோடு செங்குத்தாக நிறுத்தியதில் சேதம் குறைந்தது.

வட்டு நன்றாக இருந்தும் படிக்க முடியாத கதையும் உண்டு. யூனிகோடு பரவுமுன் வந்த தமிழ் சிடிகளில் டிஸ்கி குறியாக்கம், பாமினி எழுத்துரு என்று ஆளுக்கொரு முறை. அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குறிகளாகக் கொட்டும். நல்லவேளை, யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இருந்ததால் பிழைத்தோம்.

இப்போது எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றியாகிவிட்டது. ஆய்வு மாணவர்களும் "பென்டிரைவில் போட்டுத் தாங்க சார்" என்றுதான் கேட்கிறார்கள். ஆனாலும் வட்டை நான் கைவிடவில்லை. ஒருமுறை எழுதும் வட்டில் எந்த வைரஸும் மேலெழுத முடியாது. அரிய நூல்களுக்கு அந்த ஒரு குணமே போதும். அவற்றுக்கு மட்டும் 25 ஜிபி ப்ளூரே வட்டில் இன்னொரு பிரதி போடுகிறேன். வாங்கும்போது எல்டிஎச் (LTH) என்று போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள், அது சீக்கிரம் கெடக்கூடிய கரிமச் சாய வகை. அப்புறம், வட்டை வாங்குகிற கையோடு உபரியாக, அந்த வட்டைப் படிக்கிற, யுஎஸ்பியில் செருகும் வட்டு டிரைவ் ஒன்றும் வாங்கி வையுங்கள். லேப்டாப்களில் டிரைவ் வருவது எப்போதோ நின்றுபோயிற்று.