வேடந்தாங்கல்: அவசரமில்லாமல் போகவேண்டிய ஏரி

சென்னைக்குப் பக்கத்தில் அரை நாள் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வர ஒரு இடம் சொல்லு என்று யார் கேட்டாலும் நான் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தைத்தான் சொல்வேன். படகு சவாரி, ஊஞ்சல், விளையாட்டுத் திடல் எல்லாம் தேடிப் போகாதீர்கள். கரையில் நடக்கலாம், உட்காரலாம், பார்க்கலாம். அதற்கு மனம் இருந்தால் இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம். ஜிஎஸ்டி சாலையில் பரனூர் சுங்கச்சாவடி, செங்கல்பட்டு, பாலாற்றுப் பாலம் எல்லாம் தாண்டி, படாளம் கூட்ரோட்டில் வலது பக்கம் திரும்பவேண்டும். சென்னை நகரத்திலிருந்து கணக்குப் போட்டால் 80 கிலோமீட்டருக்குள் வரும். படாளத்தில் திரும்பியதும் லாரிச் சத்தம் அடங்கி, இரண்டு பக்கமும் நெல் வயல் தொடங்கிவிடும். அங்கேயே வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் கூடு வைத்திருக்கும் பறவைகள் இரை தேட இந்த வயல்களுக்கும் சுற்றியுள்ள சின்ன ஏரிகளுக்கும்தான் வருகின்றன. சரணாலயம் என்றால் வேலி போட்ட ஏரி மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். 1998 அறிவிப்பின்படி ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம்தான். 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தபோது ஏன் அவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்பது இந்தச் சாலையில் ஒருமுறை போனால் புரியும். வயல் இல்லையென்றால் கூட்டில் இருக்கும் குஞ்சுக்குச் சாப்பாடு இல்லை.

போன ஜனவரியில் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். என் மாமனார் உத்திரமேரூர் பக்கத்தில் பல வருஷம் விவசாயம் பார்த்தவர். உள்ளே போனதும் பைனாகுலரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "மதகு எந்தப் பக்கம்மா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அத்தனை முறை வந்தும் நான் அதைக் கவனித்ததே கிடையாது. அவரே கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வரும், ரொம்பினால் எந்தப் பக்கம் கலங்கல் வழியாகப் போகும், எந்த வயலுக்குப் பாயும் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். "இது பறவைக்கு வெட்டின ஏரி இல்லம்மா, பயிருக்கு வெட்டின ஏரி. பறவை அப்புறம் வந்து சேந்துக்கிச்சு" என்றார்.

இங்கே எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். சுமார் 30 ஹெக்டேர்தான் ஏரி. செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளோடு ஒப்பிட்டால் சின்னதுதான். பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகும்போது உரமாகிறது. அதனால் ஊர்க்காரர்கள் பறவையைக் காப்பாற்றினார்கள், வெகுகாலமாக. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டிருக்கிறார்கள். 1798-ல் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தார். 1858-ல் அந்த உரிமையைத் திரும்பவும் உறுதிப்படுத்தி வாங்கிக்கொண்டார்கள். 1936-ல் சரணாலயம் ஆனது, 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சட்டமும் பட்டியலும் வருவதற்கு வெகு காலம் முன்பே ஊர் தன் வேலையைச் செய்துவிட்டது. "இந்தத் தண்ணி பாஞ்சா யூரியாவே வேணாம், பயிர் கருகருன்னு நிக்கும்" என்றார் மாமா. அவர் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

சரி, பறவைகள். தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் கழுத்தளவு நனைந்து நிற்கும். கூடுகள் அந்த மரங்களில்தான். கீழே தண்ணீர் நின்றால் பூனையோ நாயோ கிட்டே வர முடியாது. மழை பொய்த்து ஏரி காய்ந்த வருஷங்களில் பறவைகள் கூடு கட்டாமல் போவதற்கும் அதுவே காரணம். அதனால் புறப்படுவதற்கு முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரிடமாவது விசாரித்துவிட்டுப் போங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷத்தில், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் போனால் ஏமாற்றம் இருக்காது.

முதல் முறை போகிறவர்கள் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விறுவிறுவென்று நடந்து, காவல் கோபுரத்தில் ஏறி இறங்கி, படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் மரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்பதோடு முடிந்துவிடும். ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து எதிரே உட்காருங்கள். நாங்கள் பார்த்த மரத்தில் மேல்கிளை முழுக்க நத்தைக்குத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். வயலில் இருக்கும் நத்தையைப் பிடித்துத் தின்ன வசதியான அலகு. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். எது தாய், எது வளர்ந்த பிள்ளை என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நடுக்கிளையில் நீர்க்காகங்கள். கீழ்க்கிளையில் ஒரு பாம்புத்தாரா இறக்கை இரண்டையும் விரித்துக் காயவைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. பக்கத்து மரத்தில் மஞ்சள்மூக்கு நாரை ஒன்று குஞ்சுகள் மேல் வெயில் படாமல் இறக்கையைக் குடையாகப் பிடித்திருந்தது. வெயில் நகர நகர அதுவும் மெல்லத் திரும்பிக்கொண்டது. மாமா அதை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பைனாகுலர் கடைசி வரை அவரிடம்தான் இருந்தது.

மாலை நாலரை மணிக்கு மேல் காட்சி மாறும். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கூழைக்கடா தண்ணீரில் இறங்குவதைக் கட்டாயம் பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்பு, காலை முன்னால் நீட்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கும். ஆனால் ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அதனால் மூன்றரைக்குள் உள்ளே இருப்பது நல்லது. காலையில் போவதென்றால் ஆறு மணிக்கே போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் ஏறிவிடும், பாதிப் பறவைகள் வயலுக்கும் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும் வேண்டாம். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். போனில் பாட்டு வைத்துக்கொண்டு நடக்கிறவர்களையும், பறவை பறக்கட்டும் என்று கை தட்டிக் கூச்சல் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கூட்டிலிருந்து பெரிய பறவை பயந்து எழுந்தால் குஞ்சு வெயிலில் தனியாகக் கிடக்கும், காக்கை அதற்காகவே காத்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் வண்டியிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சொன்னால் பெரியவர்களைவிட அவர்கள் நன்றாகக் கேட்கிறார்கள்.

வயதானவர்களுக்குக் கரை வசதியாக இருக்கிறது. சமமான பாதை, நிழலுக்கு மரங்கள், இடையிடையே உட்கார இடம். மாமாவுக்கு முட்டி வலி உண்டு. கோபுரத்தில் மட்டும் ஏறவில்லை. தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் வீட்டிலிருந்தே கொண்டுபோய், வெளியே வண்டியருகே சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். நாங்கள் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். குப்பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

இன்னும் அமைதி வேண்டுமென்றால் பக்கத்திலேயே கரிக்கிலி இருக்கிறது. அதுவும் பறவைகள் சரணாலயம், அதுவும் 2022-ல் ராம்சார் பட்டியலுக்கு வந்தது. இரண்டு ஏரிகள் சேர்ந்தது, பரப்பு வேடந்தாங்கலைப்போல இரண்டு மடங்கு. கூட்டம் மிகக் குறைவு. கூடு வைத்த மரங்களைக் கிட்டத்தில் பார்க்க வேடந்தாங்கல், தண்ணீரில் மிதக்கும் வாத்துகளைப் பார்க்கக் கரிக்கிலி என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரே நாளில் இரண்டும் முடியும். காலையில் கரிக்கிலி, மத்தியானம் எங்காவது நிழலில் ஓய்வு, மாலையில் வேடந்தாங்கல். முதல் தடவை என்றால் வேடந்தாங்கல் மட்டும் போதும், ஒரு வார நாளாகப் பார்த்து.