இரவு இரண்டு மணிக்கு அழைப்பு மணி: அம்மாவின் மூன்று ஆண்டு அசிஸ்டட் லிவிங் அனுபவம்

அம்மாவுக்கு அப்போது 77 வயது. திருச்சி பொன்மலை வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரோடு வீடு திரும்பிய அன்றுதான் அந்த வீட்டில் எத்தனை படிகள் என்பதை நாங்கள் முதன்முறையாக எண்ணினோம். வாசலில் ஐந்து, கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒன்று, கொல்லைப்புறம் இறங்க மூன்று. ஐம்பது ஆண்டுகளாக யாரும் எண்ணியதில்லை.

ஏஜென்சி மூலம் வீட்டோடு இருக்கும் பராமரிப்பாளரை வைத்துப் பார்த்தோம். ஆறு மாதத்தில் நான்கு பேர் மாறினார்கள். நான் சென்னையில், அண்ணன் ஈரோட்டில். நான்காவது பெண்ணும் சொல்லாமல் கிளம்பிய வாரத்தில் அம்மாவே, “எங்கேயாவது நல்ல இடமாகப் பாருங்கள்” என்றாள். பெரியம்மா மட்டும் இன்றுவரை அம்மா சேர்ந்த இடத்தை ‘ஹோம்’ என்றுதான் குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்.

தேட ஆரம்பித்ததும் முதலில் குழப்பியது பெயர்கள்தான். சீனியர் லிவிங் என்று விளம்பரம் செய்யும் பெரும்பாலான இடங்கள் தாமாக நடமாடக்கூடியவர்களுக்கானவை. வீட்டை விலைக்கோ வாடகைக்கோ எடுத்துக்கொள்ளலாம். சாப்பாடு, துப்புரவு, தோட்டம் எல்லாம் உண்டு. குளிக்க, உடை மாற்ற, வேளைக்கு மாத்திரை சாப்பிட ஆள் துணை தேவை என்றால் அது அசிஸ்டட் லிவிங். அதற்குத் தனிக் கட்டடம், தனிக் கட்டணம். ஒரே வளாகத்தில் இரண்டும் இருக்கலாம், ஆனால் நமக்குச் சுற்றிக் காட்டுவது பெரும்பாலும் முதல் வகையைத்தான். “அசிஸ்டட் பகுதியைக் காட்டுங்கள்” என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

சென்னைப் புறநகரில் இரண்டு, கோவையில் மூன்று என ஐந்து இடங்களைப் பார்த்தோம். கையில் அளவு நாடாவோடு போனேன், சிரித்தார்கள், பரவாயில்லை. சாய்தளம் ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். ஓரிடத்தில் அது ஆறடிக்குள் முடிந்திருந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளுபவர் ஓடித்தான் ஏறவேண்டும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கென மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மாதிரிதான், மாநிலங்கள் ஏற்றால்தான் உண்டு. ஆனால் என்ன கேட்கவேண்டும் என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு அது நல்ல கேள்வித்தாள்.

எனக்கு மிகவும் பிடித்திருந்தது சென்னை இடம். நீச்சல் குளம், நூலகம், சிறு கோவில். “ஒரு வாரம் அம்மாவோடு தங்கிப் பார்க்கலாமா?” என்றேன். பகலில் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், இரவு தங்க அனுமதி இல்லை என்றார்கள். அங்கேயே அந்த இடம் அடிபட்டுப் போயிற்று. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும்.

கோவையில், தொண்டாமுத்தூர் பக்கம் நாங்கள் பார்த்த இடம் ஒரு வாரம் தங்கவிட்டது. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கைபேசியில் நேரம் பார்த்தேன். உதவியாளர் வந்துசேர 11 நிமிடம் ஆனது. காலையில் மேலாளரிடம் சொன்னேன். மழுப்பவில்லை. “இரவில் இரண்டு தளத்துக்கு ஒரே ஆள்தான். நர்ஸ் எட்டு மணியோடு போய்விடுவார். ஆம்புலன்ஸ் வண்டி இங்கேயே நிற்கிறது, ஓட்டுநர் வீட்டிலிருந்து வரவேண்டும்” என்றார். விளம்பரத் தாளில் ‘24 மணி நேரமும்’ என்று போட்டிருந்ததன் உண்மை உருவம் இது. இரவுக்கு இன்னோர் ஆள் போடுவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர்த்தோம்.

முதல் மாத பில் அடுத்த அதிர்ச்சி. பேசியது 38,000 ரூபாய். வந்தது 46,400. பிசியோதெரபி தனி, டயபர் தனி, மருத்துவமனைக்குத் துணைக்கு வந்த ஆளுக்குத் தனி. இதைவிட முக்கியம், பராமரிப்பு ‘நிலை’. ஓரளவு உதவி என்பது முழு உதவியாக மாறினால் கட்டணம் ஏறும். மாறிவிட்டது என்று முடிவு செய்வது அவர்கள்தான். ஒப்பந்தத்தில் இதை நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் சண்டை போட்டு, அம்மாவைப் பார்க்கும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யவேண்டும் என்று மாற்றினோம். டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும், மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்கு அறை வாடகை எவ்வளவு என்பவற்றையும் முதல் நாளே கேட்டிருக்கவேண்டும். 70 வயது கடந்தவர்களுக்கு 2024இல் வந்த ஐந்து லட்ச ரூபாய் ஆயுஷ்மான் காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடுபவர்களுக்கு: அது மருத்துவமனைச் சிகிச்சைக்கு, இந்த மாதக் கட்டணத்தில் ஒரு ரூபாயும் அதிலிருந்து வராது.

சாப்பாடு. வளாகம் முழுக்கச் சைவம். காவிரி மீன் இல்லாமல் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. நாங்கள் பார்த்த ஐந்தில் நான்கு இடங்கள் சைவம் என்பதால் வேறு வழியும் இல்லை. சேர்ந்த புதிதில் சாப்பாட்டு மேசையில், “சொந்த ஊர் எது?” என்பதற்கு அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். “ரயில்வே குவார்ட்டர்ஸ்” என்று சொல்லிவிட்டுக் கூட்டை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேட்டதில்லை. மாதம் ஒருமுறை அண்ணன் வந்து ஈரோட்டுக்கு அழைத்துப்போகிறான். அண்ணி மீன் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

உதவியாளர்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளம்பெண்கள். அம்மா 79 வயதில் ‘பானி’ (தண்ணீர்), ‘தர்த்’ (வலி) எல்லாம் கற்றுக்கொண்டாள். உள்ளூர்ப் பெண் ஒருத்தி ‘அம்மிச்சி’ என்று கூப்பிடுவாள். “எங்கள் ஊரில் பாட்டி என்றுதான் சொல்வோம்” என்று முதலில் முறைத்த அம்மா, அந்தப் பெண் விடுப்பில் போனால் இப்போது நாள் எண்ணுகிறாள்.

ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. குளியலறையில், ஆபத்தில் உதவிக்கு அழைக்க இழுக்கும் கயிறு ஒன்று தொங்கும். தரை துடைக்கும்போது நனைகிறது என்று துப்புரவு செய்பவர்கள் அதைச் சுருட்டிக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிட்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு மார்கழியில் அம்மா அங்கே சறுக்கி உட்கார்ந்தாள். கயிறு தலைக்கு மேலே. நாற்பது நிமிடம் ஈரத் தரையில் இருந்திருக்கிறாள். எலும்பு தப்பியது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது, எல்லா அறையிலும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள், மூன்று மாதம் கழித்துப் பக்கத்து அறையில் மறுபடி முடிச்சைப் பார்த்தேன். இப்போது போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் குளியலறைக்குள்தான் போகிறேன். கயிற்றின் நுனி தரையைத் தொடவேண்டும். விழுந்தவர் கைக்கு எட்டும் உயரம் அதுதான்.

நல்லதையும் சொல்லவேண்டும். அப்பாவின் ரயில்வே குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கவேண்டும். 80 ஆனவர்கள் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. உணவுக் கூடத்தில் ஒரு மேசை போட்டு, வரிசையாக எல்லோரையும் உட்காரவைத்துக் கைபேசியில் முகத்தைப் பதிந்து முடித்துவிட்டார்கள். அம்மா பவுடர் போட்டுக்கொண்டு போனாளாம்.

போன மாதம் அவள் அறையிலேயே ஓர் இரவு தங்கினேன். இரண்டு மணிக்கு மறுபடி மணியை அழுத்தினேன். நான்கு நிமிடம். கதவைத் திறந்த பெண் தலைமுடியைக்கூட முடிந்துகொள்ளாமல் ஓடி வந்திருந்தாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டுத் திரும்பினால், அம்மா விழித்துக்கொண்டிருக்கிறாள். “இப்போதுதான் அந்தக் குழந்தை படுத்தாள். உனக்கு வேறு வேலை இல்லையா?” என்று திட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.